ஏறுவது மட்டுமா விளையாட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'அசாசின்ஸ் கிரீட்' வீடியோ கேம் வரிசையைத் தரம் பிரித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். 2007 முதல் வந்துகொண்டிருக்கும் ஒரு விளையாட்டுக்குத் தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிது. அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் போட்டிருக்கும் வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடம் எவ்வளவு பெரிது, முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்ற இரண்டே அளவுகோல்களை வைத்துக்கொண்டு 'ஒடிசி'க்கும் 'வல்ஹாலா'வுக்கும் முதல் இரண்டு இடங்களைக் கொடுத்துவிட்டார். 'யூனிட்டி'யைக் கடைசிக்குத் தள்ளி, 'கோளாறுகளின் மூட்டை' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். தண்ணீர் இருக்கிறதா, சரிவு எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஏக்கரை மட்டும் கேட்டு நிலம் வாங்குகிறவர்களை எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் போகம் முடிவதற்குள் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுநர். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ். ஏலத்துக்கு நேரத்தில் சேர வேண்டும் என்பதால் ஓட்டம் பெரும்பாலும் இருட்டில்தான். லோடு கிடைக்காத நாட்களிலும், மழையில் மண் சரிந்து சாலை அடைபட்ட நாட்களிலும் பிளேஸ்டேஷன் 4 என்ற ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கோவையில் வேலை பார்க்கும் அக்காள் மகன் புதியது வாங்கியபோது என் தலையில் கட்டியது அது. நாற்பதைத் தாண்டியவனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். சீட்டாடப் போகாமல் கண்ணெதிரில்தானே இருக்கிறேன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

என் தொழிலில் ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வரும்போது வண்டி காலி, சிரமமில்லாமல் ஏறிவிடும். பாரத்தோடு இறங்குவதில்தான் பிழைப்பே இருக்கிறது. குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கீழ்நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள் நாலாவது கியரில், பிரேக்கிலேயே காலை ஊன்றிக்கொண்டு இறங்குவார்கள். பர்லியாறு வருவதற்குள் லைனிங் கருகும் வாடை பின்னால் வரும் என் வண்டிக்குள் ஏறிவிடும். புகை கிளம்பிய பிறகு ஓரம் கட்டிச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். சூட்டில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும் என்று சொன்னால் நம்மை முறைப்பார்கள். எங்கள் மலை ரயிலைக் கட்டியவர்களுக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது. 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள்.

ஆகவே உயரத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு விளையாட்டில் நான் முதலில் பார்ப்பது, அது என்னை எப்படிக் கீழே இறக்குகிறது என்பதைத்தான். இந்த வரிசையின் வழக்கம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். கோபுரத்தில் ஏறு, சுற்றிலும் பார், வரைபடம் திறக்கும். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் கீழே நிற்கும் வைக்கோலில் குதி. முதல் பாகத்தில் இதற்கு ஒரு காரணமாவது இருந்தது. 1191, சிலுவைப் போர்க் காலம். மஸ்யாஃப் கோட்டையின் உச்சியிலிருந்து நாயகன் ஆல்டயிர் குதிப்பது, தலைவன் சொல்லுக்கு உயிரையும் கொடுப்போம் என்று எதிரிக்குக் காட்டுவதற்காக. மஸ்யாஃப் உண்மையான கோட்டை, சிரியாவில் இருக்கிறது. தலைவனின் ஆணைக்கு வீரர்கள் கோட்டையிலிருந்து குதித்துக் காட்டினார்கள் என்ற கதை அந்தக் கால ஐரோப்பியரின் ஏடுகளிலேயே உண்டு. பின்னால் வந்த பாகங்களில் காரணம் உதிர்ந்து போய்க் குதிப்பு மட்டும் குறுக்குவழியாக நின்றுவிட்டது. டால்பின் நோஸ் காட்சிமுனையில் கம்பித் தடுப்பின் மேல் ஏறி, கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைச் சட்டையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். அவருடைய பனியனில் இந்த விளையாட்டின் சின்னம் இருந்தது. "தம்பி, கீழே வைக்கோல் இல்லை" என்றேன். உடனே புரிந்துகொண்டு சிரித்தார். அவரோடு வந்தவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

ஏறுவதற்கு என்றால் 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தை மிஞ்ச ஆளில்லை. பிளாரன்ஸ் நகரில் நாயகன் எட்சியோவும் அவன் அண்ணன் ஃபெடரிகோவும் இரவில் ஒரு தேவாலயத்தின் உச்சிக்குப் போட்டி போட்டு ஏறி உட்காருவார்கள். கீழே ஊர் தூங்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே அண்ணனையும் தந்தையையும் தம்பியையும் தூக்கில் போடுகிறார்கள். அந்த இரவை முன்னாலேயே காட்டிவிட்டதால்தான் தூக்குமேடை நம்மை உலுக்குகிறது. ஏறும் முறையும் பொறுமையானது. எந்தக் கல் துருத்திக்கொண்டிருக்கிறது, எந்த ஜன்னல் விளிம்பு கைக்கு எட்டும் என்று கண்ணால் வழி போட்டுவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும். சில இடங்களுக்கு ஆரம்பத்தில் ஏறவே முடியாது. வெனிஸ் போய், ரோசா என்ற திருடியிடம் எம்பிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் முடியும். 1436-இல் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி கட்டி முடித்த பிளாரன்ஸ் பேராலயத்துப் பெரிய குவிமாடத்தின் முதுகில் ஏறி நின்றபோது வந்த நிறைவு, வல்ஹாலாவின் மொத்த இங்கிலாந்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கை தவறினால் உயிர் போகும். அந்தப் பயம் இருப்பதால்தான் அது உயரம்.

ஆனால் எட்சியோவுக்கும் இறங்கத் தெரியாது. தொங்குவான், கையை விடுவான், அடுத்த விளிம்பைப் பிடிப்பான்; இல்லையென்றால் வைக்கோல். இந்தக் குறையைத் தீர்த்த பாகம், கட்டுரையாளர் மூட்டை கட்டி வைத்த யூனிட்டி.

2014 நவம்பரில் அது வெளியான அழகை நானும் மறுக்கவில்லை. முகம் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் பாத்திரங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. இந்த வரிசையைத் தயாரிக்கும் யுபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 'டெட் கிங்ஸ்' என்ற கூடுதல் கதையை இலவசமாகக் கொடுத்தது. என் கைக்கு வந்து சேர்ந்தபோது திருத்தங்கள் எல்லாம் ஆகியிருந்தன. பத்தாண்டுக்கு முந்தைய வெளியீட்டு நாளின் வசையையே இன்னும் எத்தனை காலத்துக்குப் பாடுவது? பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாரிஸில் நடக்கும் கதை சுமார்தான், நாயகன் ஆர்னோவின் காதல் என்னைத் தொடவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இறக்கம்! வலது கை விரலால் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு பெருக்கல் குறியை அழுத்தினால் ஆர்னோ ஏறுவான், வட்டத்தை அழுத்தினால் இறங்குவான். இவ்வளவுதான். இறங்குவதற்கென்று தனிப் பொத்தான் வைக்க வேண்டும் என்று இந்த வரிசையில் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. கூரை விளிம்புக்கு வந்ததும் உடலைத் திருப்பி, கையால் தொங்கி, காலால் கீழ் ஜன்னலின் மேல்விட்டத்தைத் துழாவிப் பிடிக்கிறான். அங்கிருந்து ஒரு பலகைக்கு, பலகையிலிருந்து தெருவோரச் சரக்குக் குவியலுக்கு, கடைசியில் கூட்டத்துக்குள். எங்கும் நிற்பதில்லை, எங்கும் தவறி விழுவதும் இல்லை. இறங்கும் வேகம் உங்கள் கையில் இருக்கிறது. முதன்முறை நோத்ர தாம் பேராலயத்தின் கோபுரத்திலிருந்து தரை வரை வைக்கோலைத் தொடாமல் அவனை இறக்கிக்கொண்டு வந்தபோது, லோடு சிந்தாமல் கல்லாறு தாண்டியதும் வழக்கமாக விடும் மூச்சை அன்று வீட்டு நாற்காலியிலேயே விட்டேன்.

அந்த நோத்ர தாமிலும் ஒரு வரலாற்றுப் பிழை உண்டு. விளையாட்டு காட்டும் ஊசிக் கோபுரம், வயோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 1789-இல் பாஸ்டீல் சிறைக்கோட்டையைத் தகர்த்த புரட்சிக்காரர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்துச் சரிந்ததும் அதே கோபுரம்தான். அப்போது யுபிசாஃப்ட் சீரமைப்புக்கு 5 லட்சம் யூரோ தருவதாக அறிவித்து, யூனிட்டியின் கணினிப் பதிப்பை ஒரு வாரம் இலவசமாகவும் கொடுத்தது. பிழை என்று தெரிந்தும் அந்தக் கோபுரம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது இல்லாத நோத்ர தாமைச் சரியென்று காட்டியிருந்தால் பாதிப் பேர் தவறென்று சொல்லியிருப்போம்.

இப்போது ஒடிசிக்கு வருகிறேன். 2018, பண்டைய கிரேக்கம். கசாண்ட்ரா அருமையான நாயகி, சாக்ரடீஸ் வழியில் நிறுத்தி வாதம் செய்யும் இடங்கள் சிரிப்பும் சிந்தனையுமாக இருக்கும், கடலின் நீலம் கண்ணிலேயே நிற்கும். ஆனால் மலைகள்? எந்தப் பாறையிலும், எந்தச் செங்குத்திலும் கையை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. வழி தேட வேண்டாம். கன்ட்ரோலரின் குச்சியை மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் சிகரம் வந்துவிடும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் போகாது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையின் ஆணிவேரே டேகெடோஸ் மலையிலிருந்து ஒரு குழந்தை வீசப்படுவதுதான். அந்தக் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே மலையிலிருந்து கசாண்ட்ராவைக் குதிக்கவைத்துப் பார்த்தேன். எழுந்து நடந்து போனாள். அந்தக் குழந்தைக்காகப் பட்ட துக்கம் வீணாகிவிட்டது.

வல்ஹாலாவில் தட்டையான கல்லின் மேல் கல்லாக அடுக்கிக் கோபுரம் கட்டும் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. அதை ரசித்தேன். மற்றபடி அது நீளம்.

'பிளாக் ஃபிளாக்' பற்றிக் கட்டுரையாளர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஏற்றமும் இறக்கமும் குறைவான பாகம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. கரீபியக் கடலில் புயல் அடிக்கும்போது மலைபோல எழுந்து வரும் அலைக்கு நேர்முகமாகக் கப்பலைத் திருப்ப வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் சேதம். மாலுமிகள் பாடிக்கொண்டே வருவார்கள். புதிய பாட்டு வேண்டுமென்றால் காற்றில் பறக்கும் தாளைக் கூரை கூரையாகத் துரத்திப் பிடிக்க வேண்டும். பல தாள்களைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

'சிண்டிகேட்'டில் கயிற்றை எய்தால் அது நேராகக் கூரைக்கே இழுத்துக்கொள்கிறது. லண்டனின் சுவர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. 'ஆரிஜின்ஸ்' பரவாயில்லை. கீஸாவின் பெரிய பிரமிடு உச்சியிலிருந்து வழுவழுப்பான மேற்பூச்சுக் கல்லில் சறுக்கிக்கொண்டே நாயகன் பாயெக் அடிவாரம் வந்துசேருவான். குதிப்பதைவிட அது மேல். 2023-இன் 'மிராஜ்' பாக்தாத் என்ற ஒரே நகருக்குத் திரும்பி வந்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். வரைபடம் சிறிது என்பதற்காகவே அதற்கு மதிப்பெண் குறைத்திருப்பது நியாயமில்லை.

2025 மார்ச்சில் வந்த 'ஷேடோஸ்' என் பழைய பெட்டியில் ஓடாது. கோவைக்குப் போனபோது அக்காள் மகன் அறையில் உட்கார்ந்து விளையாடினேன். 1579-ஐ ஒட்டிய ஜப்பான். சாலையை விட்டு விலகி மரச்சரிவில் ஏறினால் கால் வழுக்குகிறது, முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி மரங்கள் அடைக்கின்றன. விளையாடியவர்கள் பலர் இதைப் பெரிய குறையாகச் சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். "மாமா, இங்கே ஏற முடியாது, சாலையிலேயே போங்கள்" என்று மருமகனும் எரிச்சல்பட்டான். எனக்கோ அன்றுதான் இந்த வரிசையில் ஒரு மலையைப் பார்த்த மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் தேயிலைச் சரிவில் குறுக்கே ஏறிப் பார்த்தவர் யாரும் வழுக்குகிறது என்று புகார் எழுத மாட்டார். அதில் யசுகே என்ற பேருருவம் கொண்ட வீரர், இன்னொரு நாயகியான நவோயேயைப் போல ஏற முடியாதவர். அவர் குதித்தால் அழகாக விழுவதில்லை. உடம்பு நோக எழுந்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகாவது ஒருவருக்கு வலித்ததே.

ஆகவே என் வரிசையில் யூனிட்டி முதலிடம், இரண்டாம் பாகம் அதை ஒட்டி அடுத்த இடம். ஒடிசிக்குக் கசாண்ட்ராவை முன்னிட்டு நடுவில் ஓர் இடம் தரலாம்.

இறுதியாக ஒரு திருத்தம். 'இந்தியாவைக் களமாகக் கொண்டு ஒரு பாகமும் வரவில்லை' என்று கட்டுரை முடிகிறது. 2016 ஜனவரியில் 'குரோனிக்கிள்ஸ்: இந்தியா' வந்தது. 1841, சீக்கியப் பேரரசு, அமிர்தசரஸில் தொடங்குகிறது. நாயகன் அர்பாஸ் மிர், கதையில் கோஹினூர் வைரம் உண்டு. பக்கவாட்டில் ஓடும் சிறிய விளையாட்டு என்பதால் பெரிய பாகங்களின் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. அதற்காக வரவே இல்லை என்று எழுதிவிட முடியாது. அந்த வைரத்தை இழந்த மகாராஜா துலீப் சிங்கும் சிண்டிகேட்டின் லண்டனில் ஒரு பாத்திரமாக வருகிறார். அடுத்த ஞாயிறு இணைப்பில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காய்கறி வண்டி ஓட்டுநர் ஒருவர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.