20 சென்டுக்கு 2400 கன்று வேண்டாம், மக்கா

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று மாசம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். பெரியம்மைக்கு முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். நீ கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, காடு மாதிரி அடுக்கடுக்காகச் சாப்பாட்டு மரமும் செடியும் நிற்கிற உணவுக்காடு வளர்க்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வரியில் ‘20 சென்டில் 2400 கன்று’ என்று இருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்பது, நெருக்கி நட்டுக் குட்டிக்காடு வளர்க்கிற ஜப்பானிய மியாவாக்கி முறையின் கணக்கு. சீக்கிரம் பச்சையும் நிழலும் வேண்டும் என்றால் அது சரி. சாப்பாடு வேண்டும் என்றால் சரிவராது. அவ்வளவு நெருக்கத்தில் கன்றுகள் வெளிச்சத்துக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு குச்சிகுச்சியாய் மேலே போகும். மாவும் கொய்யாவும் காய்க்கப் பக்கக்கிளை வேண்டும், அந்தக் கிளையில் வெயில் விழ வேண்டும். காட்டையும் விளையையும் போட்டுக் குழப்பாதே.

ஆமாம், விளைதான், பல மரமும் பயிரும் சேர்ந்து நிற்கிற நம் தோப்பு. ஊர்ப்பெயரில் பாதிக்கு வாலாக இருக்கிற அதே விளை. மேலே தெங்கும் அயனியும் (காட்டுப்பலா) சக்கையும் (பலா), நடுவில் முருங்கை, சாம்பை (ஜம்பு), புளிச்சிக்காய் (பிலிம்பி), கீழே சேம்பும் மஞ்சளும், மரத்தில் நல்லமிளகுக் (குருமிளகு) கொடி. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் ஏழு அடுக்குத் தோட்டம் போட்ட ராபர்ட் ஹார்ட், கேரளத்து வீட்டுத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகச் சொன்னவர். 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே. உன் பெரியம்மையின் புரையிடத்தில் (வீட்டுத் தோட்டத்தில்) அரைநாள் நடந்து அளவெடுத்தாலே உனக்குப் பாதித் திட்டம் கிடைத்துவிடும்.

கணக்குக்கு வா. 20 சென்ட் என்றால் சுமார் 8,700 சதுர அடி. சக்கை, அயனி மாதிரிப் பெரிய மரத்துக்கு 30 அடி இடைவெளி. வழியும் தண்ணீர்த் தொட்டியும் போக எட்டு மரத்துக்கு மேல் இடமில்லை. அவற்றுக்கு நடுவே 15 அடி விட்டு மா ஒட்டு, கொய்யா, ஆத்தாச்சக்கை (சீத்தா), முருங்கை என்று இருபது. ஓரங்களில் கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய், அகத்தி. நடைபாதைக்கு மேல் தென்னையோ சக்கையோ வரவே கூடாது. பொது இடம், பிள்ளைகள் ஓடுகிற இடம்.

உயர மரத்தை வடக்கே வை என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நமக்கு அது உதவாது. நம் தலைக்கு நேராகச் சூரியன் வருவது ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும், இடைப்பட்ட மாசங்களில் அது வடக்கேதான் நிற்கும். நீ கவலைப்பட வேண்டியது மேற்கைப் பற்றி. ஆடிக்காற்று அங்கிருந்து வரும், பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான். மேற்கு எல்லையில் மூன்றடிக்கு ஒன்றாகச் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) கம்பு நடு. மணிக்கட்டுப் பருமன், ஐந்தடி நீளம், அடியைச் சாய்வாக வெட்டி ஒரு அடி ஆழம் இறக்கு. வருஷத்துக்கு மூன்று தடவை கவாத்து செய்தால் தழையுரமும் அதுவே. நல்லமிளகை மட்டும் மரத்தின் வடபுறம் ஏற்று. தை, மாசி வறட்சியில் வெயில் தெற்கிலிருந்து அடிக்கும், அப்போது தண்டு கருகாது. மரம் மூன்று வயசு ஆகும்வரை கொடியே வேண்டாம்.

நடுவதற்கு முன் மண்ணைப் பார். பழைய குளத்தையோ வயலையோ மூடிய மனையா என்று கேள். இரண்டடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பு. மறுநாள் காலையிலும் நின்றால் ஒன்றரையடி மேடு போட்டு அதன் மேல்தான் சக்கை. வேரில் தண்ணீர் நின்றால் அது தாங்காது. கட்டட இடிபாடு கிடந்தால் சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் அடையாளம், இரும்புச்சத்து ஏறவில்லை. அதற்கு உரம் போட்டுப் பலனில்லை. இடிபாட்டைப் பொறுக்கி வெளியே எடு.

சக்கைக்குக் குழி மூன்றடி நீள, அகல, ஆழம். அடியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) இரண்டு வரிசை அடுக்கு, உட்குழி மேலே பார்க்கட்டும், தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதன்மேல் மேல்மண்ணும் மக்கிய சாணமும். கோழிக்கழிவைப் பச்சையாகப் போட்டுவிடாதே, வேர் வெந்துபோகும்.

கன்று வாங்குகிற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆளுயரக் கன்றைப் பார்த்து மயங்காதே. பையின் அடியைக் கிழித்துப் பார், ஆணிவேர் சுருண்டு வட்டம் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல். அந்தச் சுருள் மண்ணுக்குள்ளும் அவிழாது, பத்து வருஷம் கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் வேரோடு சாயும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் சாய்த்த மரங்களை நினைத்துக்கொள். ஒட்டுக் கன்றுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேள், அவர்கள் வெளியிட்ட பலா ரகமே இருக்கிறது. அயனிக்கு விதைதான். பழத்திலிருந்து எடுத்த சில நாளிலேயே போட்டுவிடு, காய்ந்தால் முளைக்காது.

முதல் இரண்டு வருஷம் இடைவெளி சும்மா கிடக்க வேண்டாம். மட்டி வாழை வை. ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எடு, அகல இலைக் கன்று வேண்டாம். குலை வெட்டியபின் தண்டை முழுசாகப் போட்டால் கூன்வண்டு குடியேறும். நெடுக்காகப் பிளந்து, வெட்டிய முகம் மேலே தெரியக் காயவிட்டு, அப்புறம் மண்ணை மூடுகிற மூடாக்காகப் போடு. மரச்சீனி (மரவள்ளி) வெயில் உள்ளவரைதான், அதுவும் கன்றிலிருந்து நாலடி தள்ளி. பிடுங்கும்போது பக்கத்து வேர் அறுந்துவிடும். நிழல் விழுந்தபின் சேம்பு, மஞ்சள், கூவைக்கிழங்கு. சேனையை மாசியில் நடு, கார்த்திகையில் எடுக்கலாம். மூடாக்கு அரையடி கனம், தண்டிலிருந்து ஒரு சாண் விலகி. ஒட்டிக் கிடந்தால் கரையான் ஏறும்.

இப்போது என் உண்மையான பயத்தைச் சொல்கிறேன். நடுகிற அன்றைக்கு இருநூறு பேர் வருவார்கள். மாசி மாச மத்தியானத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். ஜூன் மழையோடு நட்டால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைத்து வேர் இறங்கும், ஆனாலும் முதல் இரண்டு கோடையைத் தண்ணீர் ஊற்றித்தான் கடத்த வேண்டும். சின்னதும் பெரியதுமாக 60 கன்று, வாரம் இரண்டு தடவை, கன்றுக்கு 15 லிட்டர் என்றால் ஒரு தடவைக்கே 900 லிட்டர். ஆயிரம் லிட்டர்த் தொட்டி இல்லாமல் தொடங்காதே. வீட்டுக்கு ஒரு கிழமை என்று முறை போடாதே, பரீட்சையும் கல்யாணமும் வந்தால் விட்டுப்போகும். வசூலித்த பணத்தில் கன்று விலையைக் குறைத்து, அந்த இரண்டு கோடைக்கும் ஒரு ஆளுக்குச் சம்பளம் வை. 2400 கன்றின் காசில் தாராளமாக நடக்கும்.

அறுவடை முறையையும் இப்போதே பேசி எழுதிவை. சியாட்டிலில் பீக்கன் உணவுக்காட்டில் யாரும் பறிக்கலாம். நம் ஊரில் கீரை, மிளகாய், கறிவேப்பிலைக்கு அது போதும். சக்கை ஒரே சமயத்தில் பழுக்கும், அதற்கு ஒரு நாள் குறித்துத் தெருவில் பங்கு வைக்க வேண்டும். இடத்துக்கான அனுமதியும் கடிதமாக, பத்து வருஷத்துக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பிச் சக்கை நடக் கூடாது.

சீமைக்கொன்றைக் கம்பு முப்பது என்னிடம் தயார். சேனை விதையும் உனக்கென்று எடுத்துவைக்கிறேன், அது மாசிக்குத்தான். கம்பை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள், ஈரச்சாக்கு இரண்டு கொண்டு வா. வரும்போது மனையின் அளவையும் மேற்கு எங்கே என்பதையும் ஒரு தாளில் வரைந்து எடுத்து வா.

அன்புடன்,
உன் மக்கா