மேரி லூவுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஜாஸ் இசை வரலாற்றுக் கட்டுரையில், பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் ‘சாக்ஸபோன் வாசித்த ஜான் வில்லியம்ஸின் மனைவி’ என்று. அந்தக் கணவரைப் பற்றி இன்று யாராவது பேசுகிறார்கள் என்றால், அது இந்த அம்மையாரால்தான்.

1910இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோதே விருந்துகளில் வாசித்து வீட்டுக்குக் காசு கொண்டுவந்தார். கணவர் ஜான், ஆண்டி கர்க் என்பவர் நடத்திய ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது இவருக்கு அங்கே நிரந்தர இடம் இல்லை. வழக்கமான பியானோக்காரர் வராத ஒரு நாளில் உட்கார்ந்தவர், பிறகு அந்தக் குழுவுக்கே அச்சாணியானார்.

வாசித்தது பாதிதான். குழுவில் யார் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்ததும் இவரே. முதலில் சுரக்குறிப்பு எழுதத் தெரியாது. இவர் சொல்லச் சொல்ல கர்க் எழுதிக்கொண்டார். பிறகு இவரும் எழுதக் கற்றுக்கொண்டார். எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவுக்காக நான்கு குரல்களைப் பிரித்து எழுதவே நான் திண்டாடியிருக்கிறேன்; ஆகவே இது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். 1936இல் பதிவான ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ பாட்டில், சாக்ஸபோன் வரிசைக்குள் ஒரு டிரம்பெட்டையும் நுழைத்து எழுதியிருக்கிறார். எது எந்தக் கருவி என்று காதுக்குப் பிரிபடாது. அதில் வரும் ஒரு மெட்டுத் துணுக்கு, பின்னாளில் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் புகழ்பெற்ற உருப்படி ஒன்றில் அப்படியே ஒலிக்கிறது. இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மனுக்கு ‘ரோல் எம்’ எழுதியவரும் இவர்தான். இன்னொரு குழுத் தலைவரான டியூக் எலிங்டனும் இவரிடம் எழுதி வாங்கினார்.

1945இல் பன்னிரண்டு இராசிகளுக்கும் ஒவ்வொன்றாக இசை அமைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க் டவுன் ஹாலில் அது அரங்கேறியது.

1954இல் பாரிஸில் இருந்தபோது வாசிப்பதையே நிறுத்திவிட்டார். 1957இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு மேடைக்குத் திரும்பினார். போதைப் பழக்கத்தில் சீரழிந்த இசைக் கலைஞர்களுக்கு உதவப் பழைய பொருள் கடை ஒன்றையும் நடத்தினார். எங்கள் ஊர்ப்பக்கம் பலரும் வேண்டிக்கொள்ளும் புனித மார்ட்டின் தெ போரஸுக்கு இவர் அமைத்த பாடலைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் குரல்கள் மட்டுமே; பியானோ வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது. தன் கருவியை இவ்வளவு நேரம் அடக்கிவைக்க எல்லாருக்கும் மனம் வராது. 1975இல் இவருடைய ஜாஸ் திருப்பலி நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்திலேயே நடந்தது. 1977 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1981இல் காலமானார்.

அடுத்த வாரக் கட்டுரை மாங்க், பட் பாவெல் ஆகிய பியானோ கலைஞர்களைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். நாற்பதுகளில் இருவரும் இரவு வேலை முடிந்ததும் ஹார்லெமில் மேரி லூவின் வீட்டுக்குத்தான் வந்து போனார்கள். அங்கே அவர்கள் உட்கார்ந்து புதிய உருப்படிகளை வாசித்துக் காட்டிய பியானோ யாருடையது என்பதையும் சேர்த்து எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
திண்டுக்கல்