ஹைட்ரஜன் வந்தாலும் கோக் வேண்டும்

அன்புள்ள கார்த்திக்,

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் எஃகு ஆலையில் உனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்ததை அப்பா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது: "இரும்பு உருக்கும் ஊது உலையில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டால் தீர்ந்தது, இதற்கு ஏம்மா இத்தனை வருஷம்?"

உலையில் போடும் கோக், அதாவது காற்றில்லாமல் சுட்டெடுத்த நிலக்கரி, வெறும் எரிபொருளாக இருந்தால் நீ சொல்வது சரி. அது வெப்பம் தருகிறது, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவையும் தருகிறது. இந்த இரண்டு வேலையிலும் ஹைட்ரஜன் ஓரளவு கைகொடுக்கும். மூன்றாவதை அதனால் செய்யவே முடியாது. ஊது உலையின் அடியில் தாது உருகி ஓடும்போது, கெட்டியாக மிஞ்சுவது கோக் மட்டும்தான். மேலே உள்ள சுமை அதன் தலையில். அதன் இடுக்குகளில்தான் வாயு ஏறுகிறது, இரும்பு சொட்டுகிறது. கோக் பொடிந்தால் உலைக்கு மூச்சு முட்டும்.

அதனால்தான் லேபில் அதை அந்தப் பாடு படுத்துவோம். 200 கிராம் கோக்கை 1,100 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு விடுவோம். ஆறியதும் உருளையில் போட்டு 600 சுற்று. பிறகு 10 மில்லிமீட்டர் சல்லடை. நல்ல கோக் என்றால் மிஞ்சியதில் 65 சதவீதமாவது மேலே நிற்கும்.

ஹைட்ரஜனைக் கூட்டினால் கோக்கைக் குறைக்கலாம். ஆனால் குறைந்த கோக் அதே சுமையை, இன்னும் அதிக நேரம் உள்ளே கிடந்து தாங்க வேண்டும். போதாததற்கு, ஹைட்ரஜனின் வினை வெப்பத்தை உறிஞ்சும். ஜப்பானில் கிமிட்சுவில் ஹைட்ரஜனைச் சூடாக்கி விட்டு, 2024-இல் 43 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தைக் குறைத்துக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். அந்தச் சோதனை உலை 12 கன மீட்டர், நம் ஜாம்ஷெட்பூரின் பெரிய உலை 3,000-க்கும் மேல். இங்கேயும் 2023 ஏப்ரலில் 'ஈ' ஃபர்னஸில் ஹைட்ரஜன் செலுத்தினார்கள்.

ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு போகிறது. பத்து சதவீதம் குறைந்தாலும் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதோடு நிற்கக் கூடாது, ஊது உலையே வேண்டாத வழிகளையும் நீ படிக்க வேண்டும்.

2019-இல் உங்கள் டூயிஸ்பர்க்கில் 9-ஆம் உலையில் 28 ஊதுகுழல்களில் ஒன்றின் வழியாகத்தான் ஹைட்ரஜன் சோதனையை ஆரம்பித்தார்கள். அங்குள்ள பெரியவர்களிடம், இப்போது கோக்கின் பலத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டு எழுது. அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா