விதைச் சங்கத்தின் ஆண்டறிக்கை: சென்ற ஆடி முதல் இந்த ஆனி வரை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்தில் வாசித்ததையே, வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

போன வருட அறிக்கையில் நம் பெட்டியில் 28 வகைப் பயறு விதை இருப்பதாக எழுதியிருந்தேன். மொச்சையில் 9, துவரையில் 6, காராமணியில் 5, கொள்ளில் 4, உளுந்தும் பச்சைப்பயறும் சேர்ந்து 4. இந்த வருடம் அதை 28 என்று எழுதுவதா 27 என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்ற விஷயத்துக்கு வருகிறேன்.

அஞ்செட்டிப் பக்கம் மலையோரம் இருக்கும் ஆயா ஒருவர் பல வருடமாக ராகிக் கொல்லையில் ஒரு மொச்சையைச் சால் விட்டு விதைத்து வந்தார். ஆழ்ந்த சிவப்புக் கொட்டை, மேலே கருப்புப் பொறி தெளித்த மாதிரி இருக்கும். அவர் அதைப் பொறி அவரை என்பார். அவர் கொல்லையைத் தவிர வேறெங்கும் நாம் அதைப் பார்த்ததில்லை. முந்தின தையில் இரண்டு கைப்பிடி கொடுத்தார், ஏறக்குறைய 200 கொட்டை இருக்கும். வாங்கி வந்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தோம். நல்ல வேலை செய்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

விதைப்புக்காக ஆடி பிறப்பதற்கு முன் பாட்டிலைத் திறந்தபோது அடியில் மாவு மாதிரி தூள் படிந்திருந்தது. கொட்டையைக் கையில் கொட்டினால் கனமே இல்லை. ஒவ்வொன்றிலும் ஊசியால் அளந்து போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை, சிலதில் இரண்டு மூன்று. ஓட்டை விழாத கொட்டையின் மேலும் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிக் கிடந்தது. பயறு வண்டு. இது வீட்டில் வந்து சேரும் பூச்சி மட்டுமில்லை, கொல்லையில் காய் காயும்போதே முட்டை வைத்துவிடும். புழு கொட்டைக்குள் குடைந்து போய், உள்ளேயே வளர்ந்து, வண்டான பிறகு வட்டமாக மூடி வெட்டிக்கொண்டு வெளியே வரும். வெப்பமான நாளில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். நாம் பாட்டிலை இறுக்கி மூடியபோது வண்டையும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறோம்.

சரி, ஆயாவிடம் இருக்குமே என்று போனோம். அவர் அந்த வருடம் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார், கொல்லை விதைக்கவில்லை, வீட்டில் இருந்த மொச்சையை எல்லாம் பேரன் ஒரே மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது விதை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னபோது ஆயா கேட்டது இதுதான்.

"பாட்டிலுல போட்டு மூடுனியே சாமி, காய வெச்சியா?"

"வெச்சேன் ஆயா."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளு."

"பனியில அறுத்த கொட்ட சாமி அது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தைப் பனியில் அறுத்ததை எத்தனை நாள் காய வைக்க வேண்டும், பல்லில் கடித்தால் நசுங்காமல் சடக்கென்று இரண்டாக உடைய வேண்டும் என்பதெல்லாம் நம் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். நாம் கேட்காமல் விட்டோம்.

200 கொட்டையில் ஓட்டை இல்லாதது என்று பொறுக்கியது 14. அதில் முளைத்தது 3. ஒன்று முளையிலேயே அழுகியது, ஒன்றை ஆடு கடித்தது, ஒன்று பிழைத்தது. தையில் அந்த ஒற்றைச் செடியிலிருந்து 43 கொட்டை எடுத்தோம். அப்படியானால் 28 இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பெயரளவில் இருக்கிறது. ஆனால் ஆயா கொல்லையில் இருந்தது ஒரே மாதிரியான செடிகள் இல்லை. வெள்ளைப் பூவும் ஊதாப் பூவும் கலந்திருக்கும், சிலது கார்த்திகையிலேயே பூக்கும், சிலது மார்கழி பாதியில்தான் பூக்கும். முந்திப் பூத்தது மழையில் உதிர்ந்தால் பிந்திப் பூத்தது காய்க்கும். அந்தக் கலப்புதான் அவருக்கு எந்த வருடமும் கொல்லை வெறுங்கையாகப் போகாமல் காத்தது. மொச்சை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் செடி. அதனால் இந்த 43-ம் ஒரே தாயின் பிள்ளைகள், குணத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மற்ற 199 கொட்டையில் இருந்தது போனது போனதுதான். இதை நான் 27-க்கும் 28-க்கும் நடுவில்தான் எழுத முடியும்.

பாட்டில் விதை வீணானதைப் பார்த்த பிறகுதான் புரட்டாசிக் கூட்டத்தில் மூன்று வீட்டு முறை என்று தீர்மானம் போட்டோம். எந்த வகையானாலும் குறைந்தது மூன்று வீட்டில், முடிந்தால் மூன்று ஊரில் விதைப்பில் இருக்க வேண்டும், சங்கப் பெட்டி நாலாவது. இது நம் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சிரியாவில் அலெப்போ பக்கம் இகார்டா என்ற ஆராய்ச்சி நிலையம் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, கோதுமை, பார்லி என்று வறண்ட நாட்டுப் பயிர்களின் விதையைச் சேர்த்து வைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் அங்கே வேலை செய்ய முடியாமல் போனது. ஆனால் அவர்கள் முன்கூட்டியே நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்தில் நகல் வைத்திருந்தார்கள். அது 2008-ல் திறந்தது. 2015-ல் முதன்முதலாக அங்கிருந்து விதையைத் திரும்ப எடுத்தது இகார்டாதான், எடுத்ததை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அவ்வளவு பெரிய நிலையமே ஒரே இடத்தை நம்பவில்லை, நாம் ஒரு ஆயாவையும் ஒரு பாட்டிலையும் நம்பி இருந்துவிட்டோம்.

விதை வைக்கும் முறையில் இந்த வருடம் செய்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கொல்லையில் அறுத்த மொச்சையை நாலாகப் பிரித்து ஒன்றைச் செம்மண் கட்டி, ஒன்றைச் சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஒன்றில் கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி வேப்பெண்ணெய் தடவி, ஒன்றைச் சும்மா வைத்தோம். சும்மா வைத்தது சித்திரைக்குள் பொத்தல். மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன, சாம்பலில் மட்டும் அங்கொன்று இங்கொன்று ஓட்டை. நகரத்தில் இருக்கும் உறுப்பினர்கள் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். நன்றாகக் காய்ந்த கொட்டையைக் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு வாரம், பத்து நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும், முளைப்புக்குக் கெடுதல் இல்லை. காயாத கொட்டையை வைத்தால் விதையே செத்துவிடும், அதனால் முதலில் கடித்துப் பாருங்கள்.

துவரையில் வேறு சிக்கல். துவரைப் பூவுக்குத் தேனீ நிறைய வரும், பக்கத்துக் கொல்லையில் வேறு துவரை இருந்தால் கலந்துவிடும். மஞ்சள் பூ மட்டுமே பூக்கும் நம் உயரத் துவரையில் இந்த வருடம் ஐந்தாறு செடியில் சிவப்புக் கீற்று விழுந்த பூ. தை மாதம் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பழைய கொசுவலையை வெட்டிப் பைகளாகத் தைத்தோம், அதை மொட்டு விட்ட கிளையில் கட்டிவிட்டால் தேனீ உள்ளே போகாது, பூ தானாகவே காய் பிடித்துக்கொள்ளும். அந்தக் காயை மட்டும் விதைக்கு எடுக்கிறோம், மற்றதெல்லாம் பருப்புக்கு. தைத்துக் கொடுத்த அக்காமார் நாலு பேருக்கும் சங்கத்தின் நன்றி.

இன்னொன்றும் அந்தத் துவரைக் கொல்லையில் பார்த்தோம். கடையில் வாங்கிய விதை போட்ட வரிசையில் பல செடிகள் வெளிறி, புதர் மாதிரி இலையாகவே அடைந்து, பூவே வைக்காமல் நின்றன. மலட்டுத் தேமல். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிலந்திப்பேன் ஒன்று பரப்பும் வைரஸ் நோய் இது. அடுத்த வரிசையிலேயே நம் பெட்டி விதையில் வந்த செடிகள், எல்லாம் இல்லை, பாதிக்கு மேல், பூத்துக் காய்த்தன. அவற்றைத் துணி கட்டி அடையாளம் வைத்து விதை தனியாக எடுத்திருக்கிறோம். ஒரு வருடத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, இன்னும் இரண்டு வருடம் அதே கொல்லையில் போட்டுப் பார்க்க வேண்டும். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972 முதல் இருக்கும் இக்ரிசாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 13,000-க்கு மேற்பட்ட துவரை மாதிரிகளை வைத்திருப்பது இந்த மாதிரி குணத்தைத் தேடுவதற்காகத்தான். வீரிய ஒட்டுத் துவரை உண்டாக்கத் தேவையான ஆண் மலட்டுத் தன்மையை, அதாவது பூவில் நல்ல மகரந்தம் உண்டாகாத குணத்தை, அவர்கள் எடுத்தது துவரையின் காட்டு உறவிலிருந்து, யாரும் சமைத்துச் சாப்பிடாத ஒரு செடியிலிருந்து. உளுந்தும் பச்சைப்பயறும் மஞ்சள் தேமலில் ஊரோடு மஞ்சளாகும்போது அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைத் திட்டுகிறோம். ஊரெல்லாம் ஒரே விதை போட்டிருந்தால் ஒரு கொல்லைக்கு வந்தது எல்லாக் கொல்லைக்கும் வரத்தான் செய்யும்.

தை மூன்றாம் ஞாயிறு நடத்திய சாப்பாட்டு நாளைப் பற்றிப் பலரும் இன்னும் பேசுகிறார்கள். மூன்று வகை மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி மூன்று சட்டியில் பிதுக்கம் பருப்புக் குழம்பு, கொள்ளுக் கடைசல், காராமணிச் சுண்டல், ராகிக் களி. சமையலை முன்நின்று பார்த்த அத்தை ஒருவர் ஊறவைத்த கொட்டையை விரலில் நசுக்கிப் பார்த்தே எது சீக்கிரம் வேகும், எது எத்தனை கொதி கேட்கும் என்று சொன்னார், சொன்னபடியே இருந்தது. நாம் குறிப்பேட்டில் நிறம், எடை, பூக்கும் நாள் எல்லாம் எழுதுகிறோம், வேகும் நேரத்தையும் தோல் உரியும் பதத்தையும் எழுதியதில்லை. இந்த வருடம் முதல் எழுதுகிறோம். சாப்பிட வந்தவர்களில் ஏழு பேர் ருசி பிடித்து அங்கேயே விதை கேட்டார்கள், நான் மேடையில் பேசியதைக் கேட்டு யாரும் கேட்கவில்லை. சமைக்கிற வீட்டில்தான் விதை தங்குகிறது என்பதை நான் அன்றைக்கு நன்றாகப் பார்த்தேன்.

நம் விதையை யாராவது எழுதி வாங்கித் தங்களுடையது என்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர்கள் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தால் அதைப் பெயர் அச்சிட்டு முத்திரை விதையாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். உழவர் ரகத்தை உழவர்களே பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது. உயரத் துவரையைப் பதிவுக்கு அனுப்பத் தாள்கள் சேர்க்கிறோம். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை அலைய விட்டார்கள், நாலாவது முறையும் போவோம். எந்த ஊர், யார் கொடுத்தது, எத்தனை வருடமாக விதைக்கிறார்கள், வீட்டில் என்ன பெயர் என்ற விவரம் இல்லாமல் விதையை மட்டும் கொடுத்தால் எங்கேயும் மதிப்பில்லை, அதனால் உங்கள் வீட்டு விதைக்கு இந்த நாலையும் எழுதிக் கொடுங்கள்.

கணக்கு: முன்னிருப்பு 6,240 ரூபாய், சந்தா 31 பேருக்கு 3,100, சாப்பாட்டு நாள் வரவு 8,450, மொத்தம் 17,790. செலவில் பானை, பாட்டில் 2,150, கொசுவலை, தையல் 1,380, சாப்பாட்டு நாள் 5,900, வண்டி, டீ 1,760, மொத்தம் 11,190. கையிருப்பு 6,600. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒரு படி வாங்கினால் ஒன்றரைப் படி திருப்ப வேண்டும் என்பது நம் முறை. விதை வாங்கிய 22 பேரில் 13 பேர் கொடுத்துவிட்டார்கள். மீதி 9 பேரில் விளையாமல் போனவர்கள் அதையாவது சொல்லுங்கள், எந்த மண்ணில் விளையவில்லை என்பதும் நமக்கு வேண்டிய தகவல். விளைந்தும் வரவில்லை என்றால், அந்த விதைக்காக வேறொரு வீடு காத்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஐந்து வகை ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு கொள்ளு, இரண்டு காராமணி, ஒரு சின்ன உளுந்து. கால் ஏக்கர் கூட வேண்டாம், ராகிக்கு நடுவே நாலு சால் போதும். ஆடி முதல் ஞாயிறு காலை 9 மணிக்கு வழக்கமான புளியமரத்தடியில் விதை கொடுக்கிறோம், துணிப்பை கொண்டு வாருங்கள்.

பொறி அவரையின் 43 கொட்டையில் மூன்று வீட்டுக்குப் பத்துப் பத்து, மீதி 13 பெட்டிக்கு. முதல் பத்து ஆயாவுக்கு. அவர் இப்போது எழுந்து நடமாடுகிறார், வீட்டை ஒட்டிய மேட்டில் விதைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை போகிறேன், கூட வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்