பெர்ரியையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பூமியின் வயது பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் பூமியின் வயதைக் கணக்கிட்ட இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் கணக்கு பிசகியதற்கு, பாறைகளிலுள்ள சில அணுக்கள் தாமே சிதைந்து வெப்பம் தரும் கதிரியக்கம் அப்போது தெரியாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நடந்தது வேறு.

உருகிக் கிடந்த பூமி மெல்ல ஆறி வருகிறது. சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு எவ்வளவு கூடுகிறது என்பது தெரியும். அப்படியானால் ஆறத் தொடங்கி எத்தனை காலம் ஆகியிருக்கும்? 1862-இல் கெல்வினுக்குக் கிடைத்த விடை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள். பிறகு அதை 2 முதல் 4 கோடி என்று சுருக்கினார். கணிதத்தில் பிழை இல்லை. பூமியின் உட்புறம் திடமானது, உள்ளே எதுவும் நகராமல் வெப்பம் மட்டும் கடத்தப்பட்டு வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். 1895-இல், கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, ஒரு காலத்தில் அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி சரியாக அந்த இடத்தில் கை வைத்தார். உள்ளே இருப்பது மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்துகொண்டே இருந்தால், மேற்பகுதி வெகுகாலம் சூடாகவே இருக்கும். வயது பல மடங்கு கூடிவிடும். கெல்வின் ஏற்கவில்லை. கதிரியக்க வெப்பத்தை மட்டும் சேர்த்து மற்றதை அப்படியே விட்டால், அவருடைய விடை பெரிதாக மாறாது. இன்று நாம் சொல்லும் 454 கோடி ஆண்டுகளுக்குப் பக்கத்தில்கூட வராது.

கணக்கும் கண்ணால் காண்பதும் ஒத்துப்போகாதபோது, நாம் எடுத்துக்கொண்டவற்றில் எந்த எடுகோளைக் கைவிடுவது என்று தர்க்கம் சொல்லித் தராது. வானியலிலும் இப்படி நடந்தது. யுரேனஸின் பாதை கணக்கிலிருந்து பிசகியபோது, தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதை பிசகியதற்கும் அவர் அதே காரணத்தைச் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். அப்படியொரு கோளே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கோட்பாட்டையே மாற்றிய பிறகுதான் அந்தக் கணக்கு நேரானது.

அறிவியலும் வெறும் நம்பிக்கைதான் என்று இதைத் திருப்பிவிடுவோரை என்னால் ஏற்க முடியாது. பெர்ரியும் கணிதத்தைக் கொண்டுதான் வாதாடினார். அறிவியல் கட்டுரை வெளியிடும்போதெல்லாம் முடிவோடு சேர்த்து, எதை எடுத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பெர்ரிக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்