குலுக்கலும் கொன்றது

ஆசிரியருக்கு,

போர்க்கள மருத்துவம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லாரேயின் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ வண்டியை அதன் வேகத்துக்காக மட்டுமே புகழ்ந்திருந்தது. காயம்பட்டவனின் உயிரைக் குடித்தது தாமதம் மட்டுமல்ல, வழியில் பட்ட குலுக்கலும்தான். லாரேக்கு அது தெரியும். அவருடைய இருசக்கர வண்டியின் கூடு ஸ்பிரிங்கில் தொங்கியது. அடிப்பலகை சிறு உருளைகளில் வெளியே வரும். ஆளைக் கிடத்தி அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். மலைப்பாதைக்குத் தனியாக நான்கு சக்கர வண்டி வைத்திருந்தார். சக்கரம் உதவாத எகிப்தில் ஒட்டகத்தின் இருபுறமும் பெட்டி கட்டினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் இருசக்கர வண்டிகளை நம்பி ஏமாந்தார்கள். குதிரை ஓட ஓட வண்டி முன்னும் பின்னும் ஆடியது. நான்கு சக்கர வண்டியே நிலைத்தது.

வண்டியே வேண்டாம் என்ற இடமும் உண்டு. 1900 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் கோப் போரில் காயம்பட்டவர்களைக் கரடுமுரடான வழியில் வண்டியேற்ற முடியவில்லை. காந்தி அமைத்த, சுமார் 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படை அவர்களை 20, 25 மைல் கையாலேயே தூக்கிச் சென்றது. அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை!

ஸ்ட்ரெச்சர் தூக்குவதில் இரண்டு கழியும் ஒரு துணியும் தவிர என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதல் பாடமே நடைதான். முன்னவர் இடக்காலை வைக்கும்போது பின்னவர் வலக்காலை வைக்க வேண்டும். படை நடையைப் போல இருவரும் ஒரே காலை வைத்தால் ஸ்ட்ரெச்சர் தொட்டிலாக ஆடும். சமதரையில் படுத்திருப்பவரின் கால் முன்னே போகும். பின்னால் தூக்கி வருபவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். மேட்டில் ஏறும்போது தலை முன்னே. ஆனால் கால் எலும்பு முறிந்தவருக்கு இது தலைகீழ்: ஏறும்போது கால் முன்னே, இறங்கும்போது தலை முன்னே. இல்லாவிட்டால் உடலின் எடை முறிவின் மேல் சரியும். தோளில் ஏற்றக் கூடாது என்பதும் பழைய விதி. ஒருவர் இடறினால் விழும் உயரம் அதிகம், ஆளின் நிலையும் தெரியாது. முதல் உலகப் போரில், 1917இல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்க்களச் சேற்றில் அந்த விதியும் போயிற்று. இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஆறு, எட்டுப் பேர் தோளில் சுமந்தார்கள். பதுங்குகுழி வளைவுகளில் நீளமான ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் சிக்கியது வேறு தொல்லை.

குலுக்கலின் கணக்கு தொடை எலும்பு முறிவில்தான் துல்லியமாகத் தெரிகிறது. அசையவிட்டால் முறிந்த முனைகள் தசையைக் கிழித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் பெருகும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் குண்டடிபட்டுத் தொடை முறிந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இறந்ததாகக் குறிப்பிடுவார்கள். காலை இழுத்துப் பிடித்து அசையாமல் வைக்கும் ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ என்ற உலோகச் சட்டம் முன்களத்துக்கு வந்தபின் அது 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சட்டத்தைப் பூட்ஸ், கால்சட்டைக்கு மேலேயே, ஸ்ட்ரெச்சரில் வைத்தே மாட்டினார்கள். இருட்டிலும் கை தவறாமலிருக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகியவர்களும் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்