போர்க்கதை படித்த வருடம்: எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அய்யா அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று போன வருடம் ஒரு தீர்மானம் போட்டோம். அதை முன்மொழிந்ததே நான்தான். இன்றைக்கு அதை மீறப்போவதும் நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. வருடத் தொடக்கத்தில் 31 பேர் இருந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் 5 பேர். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்பைத் தேடிப் போனவர்கள் 3 பேர். காலமானவர் ஒருவர். அவர் கடைசியாக எடுத்துப்போன புத்தகத்தை அவர் மகளே கொண்டுவந்து கொடுத்தார், பாதியில் செருகிய பஸ் டிக்கெட்டோடு. ஆக இப்போது 32. மாதத்துக்கு ஒன்றாக 12 கூட்டம் போட நினைத்தோம், 9 நடந்தன. ஐப்பசிக் கூட்டத்தை மழை கொண்டுபோனது, தைக் கூட்டத்தைச் சம்பா அறுவடை கொண்டுபோனது. மூன்றாவது, செயலாளர் தகவல் சொல்ல மறந்ததால் நடக்கவில்லை. மாடி அறை ஒழுகத் தொடங்கியதும் நம் உறுப்பினர் ஒருவரின் அரிசி ஆலைக் கிடங்குக்கு மாறினோம். மூட்டை மேல் உட்கார்ந்து படித்த இலக்கியம் தனி ருசி என்று அதன்பின் எல்லாருமே சொல்லிவிட்டார்கள். அவருக்கு நன்றி.

இந்த வருடம் எடுத்துக்கொண்ட பொருள் போர்க்கதைகள்: போர்வீரர்களிடம் உள்ள அன்பு, அவர்களிடம் உள்ள கொடுமை. இதற்கு எதிர்ப்பும் வந்தது. "ஊர்ல தண்ணி வர்றதுக்கே போர் நடக்குது, இதுல கதை வேறயா" என்றார் பொருளாளர். வாக்கெடுப்பில் அவர் பக்கம் 4 கைகள் தூக்கப்பட்டன. அப்புறம் 9 கூட்டத்துக்கும் தவறாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

குடவாசலில் உட்கார்ந்து போர் பற்றிப் படிப்பதென்றால் எங்கே தொடங்குவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. புறநானூற்றின் 74ஆம் பாட்டு நம் ஊர்ப் பாட்டு. சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறையை இங்கே, குடவாயிற் கோட்டத்தில்தான் சிறை வைத்தார்கள்; குடவாயில் என்பது குடவாசலின் பழைய பெயர். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. மறுபடி கேட்டபின் கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டுச் செத்தான் என்கிறது பாட்டின் கீழ் உள்ள பழைய குறிப்பு. இறந்து பிறந்த குழந்தையையும் வாளால் கீறிப் புதைக்கும் குலத்தில் பிறந்த நான், சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி கிடந்து, உறவல்லாதவர்களிடம் கையேந்திக் குடிக்கவா என்னைப் பெற்றார்கள் என்று கேட்கிறான். சிறைப்பிடித்தவர்களுக்கு அவன் தரும் பெயர் 'கேளல் கேளிர்'. உறவு இல்லாத உறவு. இந்த இரண்டு சொல்லும் வருடம் முழுக்க எங்களை விடவில்லை.

அன்றைக்கு விவாதம் சேரனைப் பற்றிப் போகவில்லை, தண்ணீரை நிறுத்திய காவலனைப் பற்றிப் போயிற்று. அவன் கெட்டவனா, சோம்பேறியா, மேலிடத்து உத்தரவா? மருந்துக்கடை அண்ணன் ஒன்று சொன்னார். ராஜாவுக்குப் பெயர் இருக்கிறது, குலம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. காவலனுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவனைத் திட்டுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அந்தச் சமயத்தில் இது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி எழுதியதோடு சரி.

அடுத்த கூட்டம் இதன் மறுபக்கம். அதே சேரனைப் பொய்கையார் என்ற புலவர் களவழி நாற்பது பாடி மீட்டார் என்று இன்னொரு வழக்கு உண்டு. பக்கத்துத் தீபங்குடிக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் செயங்கொண்டாரும் கலிங்கத்துப்பரணியில் இதைச் சொல்கிறார்: பொய்கை கவிதை சொல்ல, சேரனின் கால் விலங்கை வெட்டினார்கள் என்று. நண்பனுக்காகப் புலவர் பாடினார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது பாட்டும் எதைப் பாடுகின்றன? யானையின் துண்டான துதிக்கை, பவளம் கொட்டும் பை மாதிரி ரத்தம் கொட்டுகிறது. ரத்தத்தில் தோய்ந்த களம் கார்த்திகை விளக்கு வைத்த மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு பாட்டும் சோழன் 'அட்ட களத்து', அதாவது கொன்ற களத்தில், என்றே முடிகிறது. களத்தில் கிடப்பவர்கள் யார்? நண்பனின் படைவீரர்கள். ஒருவனை மீட்க, அவனுக்காகச் செத்தவர்களின் பிணத்தை அழகாக வர்ணித்துக் கொன்றவனிடம் கொடுத்திருக்கிறார். இது அன்பா, கொடுமையா என்று டீச்சர் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கார்த்திகையில் கொட்டுகிற மழையில் 7 பேர் வந்தோம். சங்கப் பாட்டான நெடுநல்வாடை படித்தோம். வாடைக்காற்று, தூறல், நடுச்சாமம், தூங்காத அரசன். வேப்பிலை கட்டிய வேலைப் பிடித்த ஒருவன் முன்னே போய், காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். அரசன் பின்னாலேயே போகிறான். நக்கீரரின் சொல் 'முறைமுறை காட்ட'. அந்த முறைமுறையில்தான் இருக்கிறது எல்லாம். மொத்தமாகப் படை என்று பார்க்கவில்லை, இவன், இவன் என்று பார்க்கிறான். கிடங்கு மேல் மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. படித்தவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. இந்த வருடத்தின் நல்ல கூட்டம் அதுதான் என்பது என் கட்சி.

அப்புறம் வெளிநாட்டுக் கதைகள். 1929இல் வந்த இரண்டு நாவல்கள். இரண்டும் முதல் உலகப்போர் பற்றியவை. ஆங்கிலத்தில் படித்தவர்கள் 3 பேர், அவர்கள் மற்றவர்களுக்குக் கதையாகச் சொன்னார்கள். கதை கேட்கிற கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம் வருகிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ரெமார்க் எழுதிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்ற ஜெர்மன் நாவலுக்கு இரண்டு கூட்டம் ஆயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போர்முனைக்குப் போன பால் என்ற பையன்; அவனைவிட மூத்த காட் என்ற வீரன். இருவரும் ஒருநாள் இரவு திருடிய வாத்தைச் சுடுகிறார்கள். பேச்சு அதிகமில்லை. காதலர்களுக்குக்கூட இந்த நெருக்கம் வாய்க்காது என்று பால் நினைத்துக்கொள்கிறான். இதைச் சொன்னபோது அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத, பட்டாளத்தில் இருந்த நம் சுபேதார் அய்யா, "எங்களுக்குக் கோழி" என்றார். எல்லோரும் சிரித்தோம். எந்தக் கோழி, எந்த ஊர், எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் குண்டுக்குழிக் காட்சி. பால் ஒளிந்திருக்கும் குழிக்குள் ஒரு பிரெஞ்சு வீரன் வந்து விழுகிறான். பால் யோசிக்காமல் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. மணிக்கணக்கில் பக்கத்திலேயே முனகிக்கொண்டு கிடக்கிறான். பால் கலங்கல் தண்ணீரை எடுத்து அவன் வாயில் விடுகிறான். கிடங்கில் யாரோ "நம்மூர்க் காவலனைவிடத் தேவலாம்" என்றார்கள். செத்தவனின் பையைத் திறந்தால் மனைவி, சிறுமி படங்கள், கடிதங்கள். பெயர் ஜெரார் டுவால், அச்சுக்கோக்கும் தொழில். உன் குடும்பத்துக்கு எழுதுகிறேன், உனக்காக வாழ்கிறேன் என்றெல்லாம் பிணத்திடம் சத்தியம் செய்கிறான் பால்.

இதற்குப் பிறகு வருவதுதான் எங்களைக் கலக்கியது. பால் தன் ஆட்களிடம் திரும்பி வருகிறான். நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். எதிரிகளைச் சுட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு குறிபார்ப்பவனைக் காட்டி, இது சகஜம் என்கிறார்கள். பால் தெளிந்துவிடுகிறான். சத்தியம் கரைந்துபோகிறது. அதாவது, அவனைக் கொடுமைக்காரன் ஆக்கியது வெறுப்பில்லை. காட் மேல் உள்ள அன்பு, சொந்த ஆட்களின் கதகதப்பு. அதுதான் டுவாலின் பெயரை அழித்தது. போர்க்கதைகளில் அன்பு ஒரு தட்டு, கொடுமை ஒரு தட்டு என்று தராசு பிடித்துக்கொண்டு இந்த வருடத்தைத் தொடங்கினோம். அந்த இரவோடு நான் தராசைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்பு மறக்க வைக்கவில்லை, களைப்புதான் மறக்க வைத்தது என்பது அவர் கட்சி. அதையும் பதிவு செய்கிறேன்.

கடைசியில் காட் அடிபடுகிறான். பால் அவனை முதுகில் சுமந்து போகிறான். போய்ச் சேரும்போது உயிரில்லை. வழியிலேயே ஒரு சில்லு தலையில் பாய்ந்திருக்கிறது. உறவா என்று கேட்கிறான் அங்கிருக்கும் ஊழியன். இல்லை என்கிறான் பால். கேளல் கேளிர் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை.

இதை எழுதியவர் என்ன ஆனார் என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். 1933இல் நாஜிகள் அந்தப் புத்தகத்தைத் தீயில் போட்டார்கள். எழுதியவர் நாட்டுக்கு வெளியே இருந்தார். 1943இல் அவருடைய தங்கைக்கு மரண தண்டனை கொடுத்துத் தலையை வெட்டினார்கள். கூட்டம் அத்தோடு கலைந்தது.

மற்றது ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. இத்தாலியப் படை பின்வாங்கும் நேரத்தில் ஹென்றி என்ற ஆம்புலன்ஸ் அதிகாரியின் வண்டி சேற்றில் மாட்டுகிறது. கூட வந்த இரண்டு சார்ஜென்ட்கள் உதவ மறுத்து நடந்துபோகிறார்கள். ஹென்றி சுடுகிறான். ஒருவன் விழுகிறான். நான் போய் முடிக்கிறேன் என்கிறான் கூட இருந்த டிரைவர், அவனிடம் ஹென்றி துப்பாக்கியைக் கொடுக்கிறான். பிறகு ஹென்றியே படையை விட்டு ஓடி, ஆற்றில் குதித்துத் தப்பி, காதலியிடம் போய்ச் சேர்கிறான். ஏரியில் இரவெல்லாம் படகு வலித்துச் சுவிட்சர்லாந்துக்குப் போகிறார்கள். அந்தக் காதலுக்காக எல்லோரும் உருகினோம். சுபேதார் அய்யா மட்டும், "அந்த சார்ஜென்ட்டுக்குப் பேர் என்ன?" என்றார். கதை சொன்னவர் புத்தகத்தைப் புரட்டினார். பெயர் இல்லை. உதவாமல் நடந்துபோனவனைச் சுட்டவன், சில நாளில் தானே படையை விட்டுப் போய்விட்டான், அவனுக்குக் காதல் கிடைத்தது, நம் கண்ணீரும் கிடைத்தது. சுடப்பட்டவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. பொருளாளர் அன்று வெற்றிலை போடவே மறந்துவிட்டார்.

நம் தமிழ் நாவலாசிரியர் ப. சிங்காரத்துக்கு ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. அது என் தவறு. 'கடலுக்கு அப்பால்' மட்டும் பேசினோம். நேதாஜியின் படையில் இருந்து திரும்பி வரும் செல்லையாவுக்கு, பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி தன் மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். போரில் பிழைத்தவனை ஊர் எப்படித் தள்ளிவைக்கிறது என்பதற்கு நம் மொழியிலேயே இப்படி ஒரு கதை இருக்க, அவருடைய இன்னொரு நாவலான 'புயலிலே ஒரு தோணி'யை அடுத்த வருடமாவது முழுதாக எடுக்க வேண்டும்.

பங்குனியில் வேன் வைத்துத் தஞ்சாவூர் போனோம். பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு, ஆளுக்கு நெல் 100 கலம் என்றெல்லாம் வெட்டிவைத்திருக்கிறார்கள். படைகள் பெரும்பாலும் படைப்பெயராகவே வருகின்றன, பரிவாரத்தார் என்று கூட்டமாக. செத்த வீரனுக்குப் பெயரும் பெருமையும் எழுதிக் கல் நட்டு மயில்பீலி சூட்டியதை அகநானூறு சொல்கிறது. அதற்குக் கல் வேண்டுமே. நம் வண்டலில் தோண்டினால் சேறுதான் வரும். திரும்பும் வழியில் டீசல் விலை பற்றி ஒரு சச்சரவு. அது பொருளாளர் அறிக்கையில் வரும்.

சென்ற மாதம் சுபேதார் அய்யா ஒரு தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். வட்டத்தின் கோப்பில் வைக்கச் சொன்னார், சத்தமாகப் படிக்க வேண்டாம் என்றார். 11 பெயர்கள், எதிரே அவரவர் ஊர். 12ஆவது வரியில் பெயர் இல்லை, ஊரும் இல்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளை நடவடிக்கைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்க இந்தப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கடைசியாக, நூலகத்திலிருந்து எடுத்துப்போன 6 புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. யார் யார் என்று பேரேட்டில் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. சித்திரை முடிவதற்குள் கிடங்குச் சாவி இருக்கும் மாடத்தில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

வணக்கம்.

செயலாளர்